அடையாளம் தெரியாத உத்தரங்கள்

இரும்புக் கட்டுமானத்துக்கான விதிநூல் மறுபடியும் மாறியிருக்கிறது. அங்குலமும் டன்னும் போய் மில்லிமீட்டரும் கிலோவும் வந்துவிட்டன. போன மாதம், நான் வேலை பார்த்த கம்பெனியிலிருந்து டிசைனர்கள் இருவர் செம்பூரில் என் வீட்டுக்கு வந்தார்கள். அலுவலக மலருக்கு என் அனுபவத்தை எழுதித் தர வேண்டும் என்பது வந்த காரியம். ஆனால் பேச்சு முழுவதும் புது விதிநூலைப் பற்றிய புலம்பலாகவே இருந்தது.

"டில்லியில ஃபேனுக்கு அடியில உட்கார்ந்துண்டு புஸ்தகத்தை மாத்திண்டே இருக்காங்க சார்," என்றார் ஒருவர். "யாரு இந்தக் கமிட்டிக்காரங்க? இவங்கள்ல ஒருத்தர் ஒரு ஷெட்டாவது கட்டியிருப்பாரா?"

பதிலை எழுதியே தருகிறேன் என்று அவர்களை அனுப்பிவைத்தேன். நெடுநாள் டிராயிங் பலகைமேல் குனிந்திருந்ததில் கழுத்தும் கண்ணும் போய்விட்டன. அதிகம் பேசினால் இப்போதெல்லாம் அலுப்பாக இருக்கிறது. எழுதுவதானால் நிறுத்தி நிறுத்தி எழுதலாம். எனக்குத் தெரிந்த கமிட்டிக்காரர் ஒருவர் உண்டு. அவரைப் பற்றி எழுதுகிறேன்.

நான் பம்பாய்க்கு வந்தது யுத்தத்துக்குச் சில ஆண்டுகள் முன்பு. டிராயிங் அலுவலகத்தில் அப்ரெண்டிஸாகச் சேர்ந்தேன். முதலில் பென்சில் சீவினேன், பிறகு மற்றவர்கள் போட்ட படத்தை மெழுகுத் துணியில் மை கொண்டு பிரதி எடுத்தேன், பிறகு ரிவெட்டு எண்ணினேன். அதன் பிறகுதான் கணக்குப் போட விட்டார்கள். படிப்பையும் பயிற்சியையும் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. எல்லோருக்கும் நடந்ததே எனக்கும் நடந்தது.

அந்த நாட்களில் எங்களுக்குச் சொந்தமாக விதிநூல் கிடையாது. சீமையில் இருந்த தர நிர்ணய சபை அச்சிட்டு அனுப்பியதுதான் எங்களுக்கும் வேதம். எஃகு உத்தரம் எத்தனை அங்குல உயரம், அதன் நடுத்தகடு எத்தனை கனம், அடிக்கு எத்தனை ராத்தல் எடை, அதன்மேல் எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். அப்படி ஒரு சபை வருவதற்கு முன்னால் ஒவ்வொரு ஆலையும் தன் இஷ்டத்துக்கு உத்தரம் உருட்டியது. ஒரே உயரமுள்ள இரண்டு உத்தரங்களில் ஒன்று மற்றதைவிடக் கால்வாசி பலம் குறைந்ததாக இருக்கும். பார்த்தால் தெரியாது. சபைக்காரர்கள் செய்ததெல்லாம் இந்தக் குழப்பத்தை அடக்கியதுதான். கிளாஸ்கோவில் ஒருவன் ஒரு பெயர் சொன்னால் பம்பாயில் இன்னொருவனுக்கு அதே பொருள் மனதில் வர வேண்டும். அவ்வளவே.

எங்கள் சீஃப் டிசைனர் அனந்தநாராயணன் பாலக்காட்டுக்காரர். அலுவலகத்தில் அவரை ஏ.என். என்போம். வெள்ளை டிரில் கோட்டு, நெற்றியில் கீற்றாகச் சந்தனம், கோட்டுப் பையில் பொடி டப்பி. கணக்குத் தாளை அவரிடம் கொண்டுபோனால் முதலில் விடையைப் பார்க்கமாட்டார். தாளின் இடது ஓரத்தைப் பார்ப்பார். அங்கே ஒவ்வொரு வரிக்கும் நேராக, அந்த எண்ணை விதிநூலின் எந்த ஷரத்திலிருந்து எடுத்தோம் என்று எழுதியிருக்க வேண்டும். எழுதாத வரியில் விரலை வைத்து, குரலை உயர்த்தாமல், "இது எந்த ஷரத்தாக்கும்?" என்பார். பதில் வரும்வரை விரலை எடுக்கமாட்டார்.

"ஆத்துல மாமி மோர்க்குழம்பு வச்சாலும் இதே கேள்விதான் கேப்பாரோ?" என்பான் கோபாலன், என் பக்கத்துப் பலகைக்காரன். கும்பகோணத்துப் பையன். கையும் வாயும் சம வேகத்தில் ஓடும். ஏ.என். காதில் இது விழுந்த நாளில் அவர் திரும்பிப் பார்த்து, "மோர்க்குழம்பு இடிஞ்சு விழுந்து யாரும் செத்ததில்லை, கோபாலா" என்றார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. கணக்குப் போட்டவனே சரிபார்க்கக்கூடாது. சரிபார்ப்பவன் முதல் கணக்கைப் பார்க்காமல், தானே புதிதாகப் போட்டு, சிவப்புப் பென்சிலால் விடை எழுத வேண்டும். இரண்டும் பொருந்தினால்தான் தாள் ஏ.என். மேசைக்குப் போகும். மாட்டுங்காவில் நானும் அவரும் பக்கத்துத் தெரு. காலையில் ஒரே ரயிலில்தான் போவோம். ஆனால் ரயிலில் அவர் அலுவலகம் பேசியதே இல்லை. பேசினால் காய்கறி விலை, இல்லையென்றால் சபா கச்சேரி. அதுவும் அவரது விதி.

யுத்தம் தொடங்கியபின் சீமையிலிருந்து ஒரு திருத்தச் சீட்டு வந்தது. விதிநூலின் உரிய பக்கத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டிய சிறிய தாள். அதுவரை எஃகின்மேல் சதுர அங்குலத்துக்கு எட்டு டன் அழுத்தம்வரை அனுமதி. எஃகைச் சிக்கனம் செய்யவேண்டியிருப்பதால் இனி பத்து டன் என்றது சீட்டு. எஃகு அதே எஃகுதான். தாள் ஒன்று வந்து அதன் பலத்தைக் கூட்டிவிட்டது என்று கோபாலன் சிரித்தான். ஏ.என். சிரிக்கவில்லை. சீட்டை அவரே பசை தடவி ஒட்டினார். ஒட்டிய பிறகு, அதன் அடியில் இருந்த பொடி எழுத்து வாசகத்தை எங்களை நிற்கவைத்து வாசித்தார். சோதனைச் சான்றிதழ் உள்ள, தரத்துக்கு உட்பட்ட எஃகுக்கு மட்டுமே பத்து டன்.

"இந்த ரெண்டு டன்னை நமக்குச் சும்மா தரலை," என்றார். "எஃகு இன்னதுன்னு தெரிஞ்சிருக்கணும்கறதுதான் விலை. அது தெரியாட்டா எட்டும் கிடையாது, பத்தும் கிடையாது."

யுத்தம் முடிந்தது. எஃகுத் தட்டுப்பாடு முடியவில்லை. பர்மிட் இல்லாமல் ஒரு ஆங்கிள் இரும்புகூட வாங்க முடியாத காலம். அப்போதுதான் தாராவியிலிருந்து பீர் முகம்மது ராவுத்தர் வந்தார்.

தாராவியில் தோல் பதனிடும் தொட்டிகள் வைத்திருந்தவர் அவர். திருநெல்வேலிச் சீமைக்காரர். தொட்டிகளுக்குமேல் மரத்தால் ஆன ஒரு பரண் இருந்தது. பதனிட்ட தோலை அதில் தொங்கவிட்டு உலர்த்துவார்கள். உப்பும் ஈரமும் தின்று அந்த மரம் உளுத்துவிட்டது. அதைப் பிரித்து இரும்பில் பரண் போட வேண்டும், அதுவும் மழைக்கு முன்னால். மழை பிடித்துவிட்டால் தோல் வெளியில் காயாது. பரண் இல்லையென்றால் அந்த மழைக்காலம் முழுதும் தொட்டிகளை மூட வேண்டியதுதான். அவரை நம்பி ஊரிலிருந்து வந்து, தொட்டியில் இறங்கி வேலை செய்யும் ஆட்கள் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். முனிசிபாலிட்டியோ, தகுதியுள்ள என்ஜினீயர் கையெழுத்து இல்லாமல் பரண் போடக்கூடாது என்றது.

பர்மிட் கிடைக்கவில்லை. ஆனால் துறைமுகப் பக்கம் ஒரு பழைய கிடங்கை இடித்தபோது, அதன் உத்தரங்கள் பன்னிரண்டை விலை பேசி வாங்கிவிட்டார். அவற்றை வைத்துப் பரண் வடிவமைத்துக் கையெழுத்துப் போட்டுத் தருவதுதான் எங்கள் வேலை. கம்பெனிக்கு அது சின்ன வேலை.

உத்தரங்களை அளக்க நான் போனேன். மாட்டுங்காவிலிருந்து ரயில் பாலம் ஏறி இறங்கினால் தாராவி. காற்று மேற்கே இருந்து வீசும் நாட்களில் அந்தத் தோல் வாசம் எங்கள் தெருவரை வரும். ஆனால் அதற்கு முன் ஒருநாளும் நான் அந்தப் பக்கம் இறங்கியதில்லை. ராவுத்தரின் தங்கை கணவர் காசிம் என்னை அழைத்துப் போனார். தொட்டி வேலையெல்லாம் அவர் பொறுப்பு. முழங்கைவரை கைகள் கடுக்காய்ச் சாறு ஏறிக் கறுத்திருக்கும்.

உத்தரங்கள் ஒரே உயரம், ஒரே அகலம். துருவைச் சுரண்டிப் பார்த்தால் எல்லாவற்றிலும் நடுத்தகட்டில் ஒரே சீமை ஆலையின் பெயர் புடைத்து நின்றது. நான் சுத்தியலால் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு போனேன்.

"என்ன சார், வைத்தியர் நாடி பாக்க கணக்கா பாக்கிய?" என்றார் காசிம். "காய்ச்சல் இருக்கா, எப்படி?"

"ஏ காசிம், சும்மா கெட," என்றார் ராவுத்தர். "சாரை வேலை பாக்க விடுப்பா. சார், பேர் போட்டிருக்கு பாத்தியளா? சீமைச் சரக்கு. அந்தக் காலத்துச் சரக்கு வேற, இப்ப வாரது வேற."

கணக்கைக் கோபாலன் போட்டான். ஆலையின் பெயரைப் பார்த்தான், உயரத்தைப் பார்த்தான், அட்டவணையில் எடுத்தான், பத்து டன்னுக்குப் போட்டான். உத்தரங்கள் சரியாகப் போதுமாயிருந்தன. நான் புதிதாகப் போட்டபோது எனக்கும் அதே விடைதான் வந்தது. ஆனால் இடது ஓரத்தில் பத்து டன்னுக்கு நேராக ஷரத்தை எழுதப் போனபோது கை நின்றது. சோதனைச் சான்றிதழ் ஏது? சிவப்புப் பென்சிலால் அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு ஏ.என். மேசையில் வைத்தேன்.

"ஆலைப் பேர் இருக்கே சார்," என்றான் கோபாலன். "எல்லாருக்கும் தெரிஞ்ச ஆலை."

"பேர் இருக்கு. அது ஸ்டீல்னு யார் சொன்னா?"

"வேற என்னவா இருக்கும்?"

"அந்த ஆலை மொதல்ல ஸ்டீலுக்கு முந்தின தேனிரும்புதான் உருட்டிண்டிருந்தது. பின்னாடிதான் ஸ்டீல். உருளை மாறலை, பேர் மாறலை. உள்ள இருக்கறது மாறித்து." ஏ.என். பொடியை உறிஞ்சிக்கொண்டார். "ஒரு துண்டு வெட்டிண்டு வரச் சொல்லு, சிவராமா," என்றார் என்னிடம்.

ஒரு உத்தரத்தின் முனையிலிருந்து துண்டு வெட்டி இழுத்துச் சோதித்தோம். நல்ல எஃகு. பத்து டன்னுக்குத் தாராளமாகத் தகும். ராவுத்தர் அன்று அலுவலகத்துக்கு அல்வாப் பொட்டலம் கொண்டுவந்தார். ஏ.என். அதைத் தொடவில்லை. ஒரு உலையிலிருந்து ஒரே தடவை வார்த்த எஃகுக்கு ஒரு சோதனை என்பதுதான் விதி. இவை ஒரே வார்ப்பு என்பதற்கு அடையாளமே இல்லாதபோது, ஒன்றைச் சோதித்து மற்றதற்கு எழுத முடியாது. ஒவ்வொன்றையும் சோதிக்க வேண்டும் என்றார்.

முனையை வெட்டினால் உத்தரம் குட்டையாகிவிடும் என்று ராவுத்தர் பதறினார். அதனால் விளிம்பிலிருந்து விரல் அகல நறுக்குகளை மட்டும் உளியால் எடுத்தோம். நறுக்கில் ரம்பத்தால் ஒரு கீறல் போட்டு, திருகி இறுக்கும் பிடியில் வைத்து வளைத்தால் தெரிந்துவிடும். எஃகு வழுவழுப்பாக மடியும். தேனிரும்பு நாரு நாராகக் கிழியும். அதை நான் தொட்டிகளின் ஓரத்திலேயே செய்தேன். காசிம் பிடியைத் திருகினார். முதலில் நாலைந்து மடிந்தன. அடுத்தது கரும்பை முறித்ததுபோலக் கிழிந்து நார் தெரிந்தது.

காசிம் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சவுரி முடி மாதிரில்லா இருக்கு," என்றார். அடுத்த நறுக்கைத் தாமே எடுத்துப் பிடியில் வைத்தார்.

பன்னிரண்டில் ஐந்து தேனிரும்பு. அவற்றின்மேல் சிவப்பு ஈயப் பூச்சால் பெருக்கல் குறி போட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் ராவுத்தர் அலுவலகத்துக்கு வந்தார். ஏ.என். எழுந்து நாற்காலியைக் காட்டினார். யாராக இருந்தாலும் எழுந்துதான் காட்டுவார். ராவுத்தர் உட்காராமல் நின்றார்.

"ஐயா, ஏழு உத்தரம் எஃகுன்னு நீங்களே சொல்லிட்டிய. மத்தது இரும்பு. சரி. இரும்புன்னா பலமே கிடையாதா? எங்க வாப்பா காலத்துல எல்லாம் இரும்புதானே?"

"பலம் உண்டு. ஸ்டீலைவிடக் கொறைவு. ஆனா உண்டு."

"அப்ப அந்தக் கொறைச்சலுக்குத் தக்கன பாரம் வைக்கேன். எம்புட்டு வைக்கலாம்னு எழுதிக் கொடுங்க. அதுக்குமேல ஒரு தோல் ஏத்தமாட்டேன்."

"அதைத்தான் எழுத முடியாது." ஏ.என். விதிநூலை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தார். ராவுத்தருக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் திருப்பி வைத்தார். "இதுல ஸ்டீலுக்கு உண்டு. தேனிரும்புக்கு முன்னாடி இருந்தது, எடுத்துட்டா. எத்தனைன்னு சொல்ல ஒரு வரி இல்லை."

"புஸ்தகத்துல இல்லாட்டி ஒங்களுக்குத் தெரியாதாய்யா?"

"நேக்குத் தெரியும். நேக்குத் தெரியறது போறாது." புத்தகத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னார்: "நான் நாளைக்கு இருக்கமாட்டேன். பின்னாடி ஒருத்தன் வருவான். என் கையெழுத்தைப் பார்ப்பான். இந்த ஆள் புஸ்தகப்படிதான் போட்டிருப்பார்னு நம்பி, அதுக்குமேல இன்னொரு மாடி ஏத்துவான். அவன்கிட்ட நான் வந்து இதெல்லாம் ரெண்டு ஜாதி உத்தரம்னு சொல்ல முடியுமா? என் மனசுல இருக்கறதை அவன் எங்க போய்ப் படிப்பான்?"

நான் நடுவில் தூண் கொடுக்கலாமே என்றேன். தேனிரும்பு உத்தரங்களுக்கு மட்டும் நடுவில் ஒரு தாங்கல் கொடுத்தால், அழுத்தம் மிகவும் குறைந்துவிடும்.

"கொறையும். எத்தனைக்குக் கொறைஞ்சா போறும்? எந்த ஷரத்தாக்கும்?" என்றார் ஏ.என். அதற்கும் ஷரத்து இல்லை. கீழே தொட்டி இருப்பதால் தூணுக்கு இடமும் இல்லை.

ராவுத்தர் தொப்பியைக் கழற்றி மடித்துக்கொண்டார். "மழை வரப்போகுதுங்கய்யா," என்றார். ஏ.என். விதிநூலைத் தம் பக்கம் திருப்பிக்கொண்டதும், "சரி. நீங்க எழுதமாட்டிய. எழுதுதவனைப் பாக்கேன்," என்று சொல்லிவிட்டு இறங்கினார். நான் படிக்கட்டுவரை ஓடி, சிவப்புக் குறி போட்டவற்றை மட்டும் உபயோகிக்கவேண்டாம் என்று சொன்னேன். "ஏழை வச்சிப் பாதிப் பரண் போடவா? பாதி ஆளை ஊருக்கு அனுப்பவா? எவனை அனுப்பணும்னு நீங்க சொல்லிருங்க சார்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே கேட்டார்.

ஏ.என். செய்தது சரிதான் என்றே நான் அன்று என் டைரியில் எழுதியிருக்கிறேன். இன்று எடுத்துப் படித்தாலும் அதைத் தவறு என்று அடிக்க எனக்குத் துணிவில்லை.

எழுதுகிறவர் கிடைத்தார். பெயர் வேண்டாம். உத்தரங்களைப் பார்க்க அவர் போகவேயில்லை. ஆலையின் பெயரைக் கேட்டார், உயரத்தைக் கேட்டார், பன்னிரண்டுக்கும் பத்து டன் என்று போட்டுக் கையெழுத்திட்டார். சிவப்புக் குறிமேல் கறுப்பு வர்ணம் அடித்துப் பரணை ஏற்றினார்கள். எது எந்த இடத்தில் போனது என்று பிறகு யாருக்கும் தெரியாது.

மழை சற்று முன்னதாகவே பிடித்தது. காற்றில் ஈரம் இருந்ததால் தோல் காயவில்லை. காயாத தோலை இறக்க முடியாமல், அதன்மேலேயே புதுத் தோலும் ஏறியது. ஈரத்தோலின் கனம் சொல்ல வேண்டியதில்லை. தேனிரும்பு முறியாது. வளையும். கண்ணுக்குத் தெரிய மெல்ல மெல்லத் தொய்யும். ஒரு பகலில் காசிம் அதைப் பார்த்துவிட்டு, தொட்டியிலிருந்த எல்லோரையும் வெளியே போகச் சொன்னார். பிறகு தாமே ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுக்கப் போனார். கீழே தோல் சக்கையும் சுண்ணாம்பும் வழுக்கும் தரை. கட்டை சறுக்கியது. உத்தரத்தின் ஒரு முனை சுவரைவிட்டு இறங்கி அவர் காலின்மேல் விழுந்தது. வேறு ஒருவருக்கும் காயமில்லை.

செய்தி எனக்கு மறுநாள் மாலைதான் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். காலை எடுத்திருந்தார்கள். அடுத்த நாள் காலை ரயிலில் ஏ.என்.னிடம் சொல்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவராகவே ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "எந்தக் கால்?" என்றார்.

"வலது, சார்."

பரேல் தாண்டிய பிறகு, "முட்டிக்கு மேலயா, கீழயா?" என்றார்.

"கீழ."

ரயிலில் அவர் அலுவலகம் பேசியது அன்றுதான். அன்று கோபாலன் கொண்டுவந்த தாளில் இடது ஓரத்தைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டார். கோபாலன் பயந்துபோய் அதைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தான்.

சுதந்திரம் வந்த சமயத்தில் டில்லியில் நமக்கென்று ஒரு தர நிறுவனம் தொடங்கினார்கள். எஃகுக் கட்டுமானத்துக்கு நம் விதிநூலை நாமே எழுதவேண்டும் என்று ஒரு குழு அமைத்தார்கள். ஏ.என்.னை அதற்குக் கூப்பிட்டார்கள். ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தவர்களில் அவரும் ஒருவர். போகவர ரயிலில் இரண்டாம் வகுப்பு. தூசியோடு வந்து இறங்கி, நேராக அலுவலகம் வருவார். சீமைப் புத்தகத்தையே அட்டையை மாற்றி அச்சடித்துவிடலாம் என்று அந்தக் குழுவில் பலர் எண்ணினார்களாம். வெயிலையும் புயலையும் நம் ஆலைகள் உருட்டும் அளவுகளையும் பற்றி அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது, இவர் ஒரு பழைய இரும்பைப் பற்றிப் பேசியிருக்கிறார்.

அதைப் பற்றிக் குழுவுக்கு அவர் குறிப்பு எழுதியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். முதலில் பக்கம் பக்கமாக எழுதினார். பிறகு வெட்டினார். சொல்ல வந்தது இவ்வளவுதான்: அடையாளம் தெரியாத பழைய எஃகோ இரும்போ ஆனால், அதை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். ஒவ்வொரு துண்டையும் தனியாகச் சோதித்து, இன்னது என்று அதன்மேலேயே அழியாமல் பொறித்து, குறைந்த அழுத்தத்துக்கு, இன்னின்ன இடங்களில் மட்டும் உபயோகிக்கலாம்.

"இதைப் படிக்கறவா, பம்பாய்ப் பழைய இரும்புக் கபாடிக்காரா எல்லாரும் சேர்ந்து மனுக் கொடுத்திருக்கான்னு நினைச்சுப்பா சார்," என்றான் கோபாலன்.

"நினைச்சுக்கட்டும். கபாடிக்காரன்கிட்ட வாங்கறவனும் அதுக்கு அடியிலதானே நிக்கறான்?"

குழுவில் அதை ஒருவர் எதிர்த்தார் என்றும், இப்படி இடம் கொடுத்தால் நாடெங்கும் குப்பை இரும்பை ஏற்றுவார்கள் என்றார் என்றும் ஏ.என். பிறகு சொன்னார். எதிர்த்தவர் சொன்னதும் நியாயம்தான் என்றார். பேச்சு ஓய்ந்தபின், நாலு வரி மிஞ்சியது. வரைவு சைக்ளோஸ்டைல் ஆகி வந்த அன்று, சாயங்காலம் மாட்டுங்காவில் இறங்கியதும் வீட்டுப்பக்கம் திரும்பாமல் நின்றார்.

"சிவராமா, அந்த இடத்துக்கு நேக்கு வழி தெரியாது."

பாலம் ஏறி இறங்கினோம். அவருக்கு அப்போதே மூச்சு வாங்கும். தொட்டிகளின் ஓரத்தில் ஒரு ஸ்டூலில் காசிம் உட்கார்ந்து, வந்த தோலைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். கட்டைக்கால் பக்கத்தில் சுவரில் சாய்ந்திருந்தது. ராவுத்தர் ஊருக்குப் போயிருக்கிறார் என்றார். ஏ.என். தம்மை இன்னார் என்று சொல்லிக்கொண்டார். காசிம் கையைத் துடைத்துக்கொண்டு, "தெரியும்யா. எழுதமாட்டேன்னு சொன்னவுக," என்றார். சொன்ன விதத்தில் பகை எதுவும் இல்லை. ஒருவரை இன்ன ஊர்க்காரர் என்று சொல்வதுபோலத்தான் சொன்னார்.

ஏ.என். தாளை எடுத்து அந்த நாலு வரியையும் இங்கிலீஷில் ஒருதரம் வாசித்து, பிறகு தமிழில் சொன்னார். காசிம் கவனமாகக் கேட்டார்.

"நல்லாருக்கு," என்றார். "இதைத்தான எங்க மச்சான் அன்னைக்கு ஒங்ககிட்ட கேட்டாக? தனித்தனியாப் பாத்து, இதுக்கு இம்புட்டுன்னு. ஒரு தாள்ல ஒங்க கையாலயே எழுதித் தந்திருக்கலாம்லாய்யா. இதுக்கு டில்லிக்கா போணும்?"

ஏ.என். பதில் சொல்ல வாயெடுத்தார். பின்னால் வருகிறவன், அவன் நம்பிக்கை என்று அன்று சொன்னதைத்தான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அண்ணாந்து பரணைப் பார்த்தார்.

"இப்போ மேல என்ன போட்டிருக்கேள்?"

"அதே உத்தரம்தான். விழுந்த ஒண்ணு போக. புதுசுக்கு எங்க போக? ஒரு தொட்டியை மண்ணடிச்சுத் தூத்துட்டு நடுவுல தூண் வச்சிருக்கோம். நாங்களா ஒரு மதிப்புக்கு வச்சது."

"யாராவது பார்த்தாளா?"

"யாரு பாக்கா?"

ஏ.என். கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். அந்த வழுக்குத் தரையில் செருப்பில்லாமல் இறங்கினார். ஒவ்வொரு தூணாகப் போய் அதன் அடிக்கல்லைப் பார்த்தார். உத்தரங்களின் வர்ணத்தைச் சுரண்டச் சொன்னார். உளி கேட்டு, விளிம்பில் நறுக்கு எடுக்கச் சொன்னார். இரண்டு ஆட்கள் பிடியைத் திருக, எது மடிகிறது, எது கிழிகிறது என்று தாமே பார்த்தார். ஒவ்வொன்றின் முனையிலும் அப்போதே உளியால் குறி வெட்டச் சொன்னார். வேலை முடிய இருட்டத் தொடங்கிவிட்டது. காசிமிடம் ஒரு தாள் கேட்டார். தோல் கணக்கு எழுதும் தாள் ஒன்று கிடைத்தது. ஸ்டூலில் உட்கார்ந்து, எந்த உத்தரம் எது, எதன்மேல் எவ்வளவு, எந்தத் தூணை எடுக்கக்கூடாது என்று எழுதினார். வரைவு அப்போது வரைவுதான். குழு அதை ஏற்று அச்சிடப் பல ஆண்டுகள் ஆயின. அவர் அதற்குக் காத்திராமல் அடியில் முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

காசிம் தாளை வாங்கினார். அவருக்கு எழுதப்படிக்கத் தெரியாது. நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"இது மச்சானுக்கு. எனக்கு வாயால சொல்லுங்கய்யா. மேல எம்புட்டு வைக்கலாம்?"

"இப்போ வச்சிருக்கறதுல பாதி," என்றார் ஏ.என்.

காசிம் கட்டைக்காலை எடுத்து ஊன்றி எழுந்தார். பரணை நோக்கிக் குரல் கொடுத்தார். மேலே இருந்தவர்கள் ஏன் என்று கேட்டார்கள். "ஐயா சொல்லுதாக, இறக்குங்கலே," என்றார். நாங்கள் அங்கேயே நின்றோம். ஈரத்தோல்களை ஒவ்வொன்றாக இறக்க ஆரம்பித்தார்கள்.